பண்டாரம் நடித்த சாமிப்படம்

அந்தப் படத்தைத் தாங்கள் அன்றே ரசித்ததாக இப்போது சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெளிநாட்டுக் கலியாண மண்டபங்களில் கோட்டும் வயிறுமாக வந்து என் தோளில் கை போடுகிறார்கள். "அந்த நாளையிலேயே என்ன துணிவாய் எடுத்தனீங்கள்! சாமியையே நக்கலடிச்சு! படத்திலை ஒரு கொப்பி கிடைக்காதோ?" என்று கேட்கிறார்கள். கொப்பி இல்லை. படமும் இல்லை. அந்தக் கசெற்றின் மேல் நான் ஒரு கலியாணத்தைப் பதிந்துவிட்டேன். அதைச் சொன்னால் "அநியாயமாய்ப் போச்சு" என்று நாக்கைச் சப்புகிறார்கள். இவர்களில் இரண்டு பேராவது அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மடத்தில் சப்பாணி கட்டி இருந்தவர்கள். அன்றைக்கு ஒருவர் வாயிலும் அநியாயம் என்ற சொல் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. அவர்கள்மேல் இருப்பதைவிட என்மேல் எனக்கு ஆத்திரம் அதிகம், ஆனாலும் அவர்கள்மேல் இருப்பதும் குறைவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வீடியோக் கடையில் கலியாணம் படம் பிடிக்கிற வேலை. தோளில் கமரா, அதிலிருந்து வயர் போய் இன்னொருவன் சுமக்கிற பதிவு டெக்கில் முடியும். மாப்பிள்ளையின் மாமன் வேட்டியைச் சரிசெய்யும் வரைக்கும் தாலி கட்டாமல் காத்திருக்கச் சொல்லுகிற உத்தியோகம். நான் கலியாணங்களை வெறுத்தேன். மார்கழி பிறந்தால்தான் எனக்கு நிம்மதி. மார்கழியில் யாரும் தாலி கட்டமாட்டார்கள், கமரா அலுமாரிக்குள் கிடக்கும். அந்த வருசம் முதலாளியிடம் அதை இரவல் கேட்டேன். "மழையிலை நனைச்சியெண்டால் உன்ரை சம்பளத்திலை கழிப்பன்" என்று சொல்லித் தந்துவிட்டார்.

யோசனை என்னுடையதல்ல. ஊரில் ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பித்த என் சிநேகிதனுடையது. இந்தியாவிலிருந்து வருகிற பக்திப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு விசர் பிடித்திருந்தது. "சாமி எங்கடை ஊருக்கு வந்தால் உப்பிடி ஆரும் உருகுவினமோ? அதை எடுப்பம்" என்றான். ஒரே படத்தில் நாலு சின்னக் கதைகள். மாணவர்களின் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வந்து வாசித்துக் காட்டினான். நான் சிரித்துச் சிரித்துச் சைக்கிளோடு விழப்பார்த்தேன்.

முதல் கதையில் சாமி தன் சொந்தக் கோயிலுக்கு வருகிறார். வாசலில் கோயில் மனேச்சர் மறிக்கிறார். போட்டிருக்கிற சேட்டைக் கழற்றச் சொல்கிறார். சாமி கழற்றுகிறார். எத்தனையாம் நாள் திருவிழாக்காரர், எந்தக் குடும்பம் என்று மனேச்சர் கேட்கிறார். தனக்குத் திருவிழா இல்லை, திருவிழாவே தனக்குத்தான் என்கிறார் சாமி. விசரன் என்று துரத்துகிறார்கள். இரண்டாவது கதையில் ஐயர் ஒரு வீட்டு அர்ச்சனைக்குப் பெயர் வாசிக்கிறார். லண்டனில் ஒருவர், ஜேர்மனியில் இருவர், சுவிசில் மூவர், எல்லோருக்கும் நட்சத்திரம், எல்லோருக்கும் விசா கிடைக்கவேண்டும். பாதியில் சாமி குறட்டை விடுகிறார். மூன்றாவதில் இரண்டு குடும்பங்கள் சாமியைச் சுமக்கிற வாகனத்தின் முன்கொம்பை யார் தூக்குவது என்று அடிபடுகின்றன. சாமி இறங்கிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறார். திரும்பி வந்து ஏறியும் சண்டை முடியவில்லை, அவர் போனதையும் ஒருவரும் காணவில்லை. நாலாவது கதையை ஆறுதலாகச் சொல்கிறேன். எல்லாம் அதிலேதான் வந்து விழுந்தது.

சாமிக்கு ஆள் கிடைக்கவில்லை. முதலில் வடிவான ஒரு பெடியனைப் பிடித்தோம். கையை உயர்த்தி, பல்லுத் தெரியாமல் புன்னகைத்துக்கொண்டு, கலண்டரில் நிற்கிற மாதிரி நின்றான். ஒரு சிரிப்பும் வரவில்லை. கைவிடப்பட்ட ஒரு பழைய கல்வீட்டின் வாசலைக் கோயில் வாசலாக்கி நாங்கள் மல்லாடிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், எங்கள் கோயில் பண்டாரம் பூக்கூடையோடு அந்த ஒழுங்கையால் வந்தார். கோயிலுக்குப் பூப்பறித்து மாலை கட்டுகிறவர் அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சிரிக்கவே தெரியாத முகம், அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுவதையும் கிழித்துத் தோரணம் கட்டுகிற வாய். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி உப்பிடியெல்லாம் நிக்கிறேல்லைத் தம்பி" என்றார். "நான் இருவது வருசமாய்ப் பக்கத்திலை நிண்டு பாக்கிறன். அலுத்துப்போய் நிக்கிறார். எங்கையாவது இருக்க இடம் கிடைக்காதோ எண்டு நிக்கிறார்."

கூடையை வைத்துவிட்டு அப்படி நின்றும் காட்டினார். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, ஆசீர்வதிக்கிற கையை உளைவு தாங்காமல் கொஞ்சம் இறக்கி, வருகிறவனின் தலைக்கு மேலால் எதையோ பார்த்துக்கொண்டு. சிநேகிதன் நிலத்தில் குந்திவிட்டான். அந்தப் பெடியனை அன்றே வீட்டுக்கு அனுப்பினோம்.

அதன்பிறகு மதியப் பூசை முடிந்து பின்னேர மாலை கட்டப் போகும் வரைக்கும் உள்ள இடைநேரத்தில் பண்டாரம் எங்கள் சாமி. வசனம் பாடமாக்கமாட்டார். ஆனால் எழுதியதைவிட நல்லதாக அவர் வாயில் வரும். எனக்குத் தெரிந்த எந்த நடிகனும் அவருக்குக் கிட்ட வரமாட்டான், இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. பாசம் வைக்கிற மாதிரி ஆளும் அவர் அல்ல. எங்கள் அப்பாவையும் என் முன்னாலேயே நக்கலடிப்பார்.

அவருக்கு இருந்ததெல்லாம் கோயில்தான். தெற்கு வீதியில், கோயில் காணியில், இரண்டு அறை வீடு. கட்டுகிற மாலைக்காக அந்த வீட்டில் இருக்கலாம், படைத்த சோற்றில் பங்கும் மாதம் கொஞ்சம் அரிசியும் கிடைக்கும். மனுசியும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் அதில்தான் சீவித்தார்கள். மனேச்சர் ஒரு சொல் சொன்னால் வீடும் இல்லை, சோறும் இல்லை. இது எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவரை நடிக்க வைத்தேன். படத்தில் வருகிற மனேச்சர் எங்கள் மனேச்சரைப் போலவே மூக்குத்தூள் போட்டுக்கொண்டு கதைப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் மூன்று கதைகளுக்கும் சாமி கடதாசி மாலைதான் போட்டிருந்தார். நாலாவது கதைக்கு அது காணாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கதை இதுதான்: சாமி வீதியுலா வருகிறார், மேலே சுட்டுக்கொண்டு ஆமியின் ஹெலி வருகிறது. தூக்கினவர்கள் வாகனத்தை ரோட்டில் போட்டுவிட்டு ஓடி, குண்டுக்கு ஒளிக்க வெட்டிவைத்த பங்கருக்குள் விழுகிறார்கள். சாமியும் பின்னால் ஓடிப்போய்ப் பங்கர் வாசலில் நின்று இடம் கேட்கிறார். யாருடைய ஆள் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் விசாரிக்கிறது, "ஆற்றை ஆள் நீர்?" சாமி சொல்கிறார். "அது சரி. எவடம்? எந்தப் பகுதி?" மேலே ஹெலி சுற்றுகிறது. அவர் நகையும் மாலையும் முழு அலங்காரமுமாகக் குனிந்து நின்று தன் தகப்பன், தாய், தமையன், மாமன் என்று உறவு விளக்கிக்கொண்டிருக்கிறார். முழு அலங்காரத்தோடு நின்றால்தான் சிரிப்பு.

"அண்ணை, உந்தக் கடதாசி வேண்டாம். உண்மையாய் ஒரு மாலை கட்டுங்கோ."

"கோயில் பூவிலை தொடமாட்டன் தம்பி."

"பூ நான் கொண்டுவாறன்."

கொண்டுபோனேன். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் எங்கள் வீட்டு வேலியோரத்தில் அம்மா பிடுங்கித் தந்தது. தாமரை மொட்டுக்கு வயற்கரைக் குளத்தில் நானே இடுப்பளவு சேற்றில் இறங்கினேன். அவர் அந்தப் பழைய வீட்டு வாசலில் இருந்து கட்டினார். நடுவில் செவ்வரத்தை, இரண்டு பக்கமும் மூன்று அடுக்கு நந்தியாவட்டை, அடியில் தலைகீழாகத் தாமரை மொட்டு. ஏனோதானோவென்று ஒரு மாலை கட்டி முடித்திருக்கலாம். அவருக்கு அது வராது. எங்கள் கோயில் முருகனுக்குத் திருவிழாக் காலத்தில் கட்டுகிற மாலை அது. மாப்பிள்ளைக்கும் மந்திரிக்கும் அந்தக் கட்டில் மாலை கட்டுவதில்லை என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கமராவுக்குள் பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு பின்னேரம் ஊர் வாசிகசாலையில் ரீவி வைத்துப் படத்தைப் போட்டோம். மனேச்சரை முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினோம். பண்டாரம் வரவில்லை. அவர் எப்படி வருவார், அது பின்னேர மாலை கட்டுகிற நேரம்.

சனம் சிரித்த சிரிப்பில் ஓடு கழன்று விழும்போல இருந்தது. முதல் கதைக்கு மனேச்சர்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "பக்கத்தூர்க் கோயில் மனேச்சருக்கு நல்லாய்க் குடுத்திருக்கிறாய்!" என்றார். படத்தில் இருந்தவர் போட்ட அதே மூக்குத்தூளைத் தானும் போட்டுக்கொண்டே சொன்னார். அர்ச்சனைக்கு லண்டன்காரர் வீட்டார் சிரித்தார்கள். வாகனச் சண்டைக்கு, போன வருசம் முன்கொம்புக்காகப் பொலிசுக்குப் போன இரண்டு பகுதியும் சிரித்தன. ஒருவருக்கும் தன் முகம் தெரியவில்லை. சாமியைக் கேலி செய்ததும் ஒருவருக்கும் நோகவில்லை. சாமியைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

பங்கர்க் கதையில் "ஆற்றை ஆள் நீர்?" என்ற குரலுக்கு ஆண்கள் பக்கத்தில் நீட்டு வாங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துச் சிரித்தார்கள். அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்த ஒரு மனுசி எழும்பினா. ஒருநாளும் பூசை தவறவிடாத மனுசி.

"உது எங்கடை முருகன்ரை மாலையெல்லோ?"

முதலில் பெண்கள் பக்கம் அடங்கியது. பிறகு ஆண்கள் பக்கம். அதன்பிறகு ரீவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மனேச்சர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

திங்கட்கிழமை ஊரில், அது சாமியின் கழுத்திலிருந்து கழற்றிய மாலை என்றார்கள். செவ்வாய்க்கிழமை பண்டாரம் அதைப் போட்டுக்கொண்டு சுருட்டுப் பிடித்ததாகச் சொன்னார்கள். புதன்கிழமை கோயில் சபைக்கு ஒரு மொட்டைக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் போட்ட மனு ஒன்றும் வந்தது, வயிறு குலுங்கச் சிரித்த ஒவ்வொருவனும் அதில் கையெழுத்து வைத்திருந்தான். படம் எடுத்தவர்களைப் பற்றி மனுவில் ஒரு வரியும் இல்லை. சிநேகிதனுடைய தகப்பன் பெரிய பள்ளிக்கூட அதிபர். என்னுடைய அப்பாவுக்கோ புதிதாய்க் கிடைத்த ஐந்தாம் திருவிழா இருந்தது.

அந்தத் திருவிழாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். எங்களுக்கு நாள் கிடையாது. அப்பா வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டு திரிந்து, ஒரு குடும்பம் கனடாவுக்குப் போனதில் அந்த ஐந்தாம் நாள் அவர் கைக்கு வந்திருந்தது. திருவிழா நோட்டீசில் அவர் பெயர் வரப்போகிற முதல் வருசம் அது.

மனேச்சர் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தம்பி சின்னப் பெடியன். ஆரோ சொல்லிக் குடுத்து நடந்திருக்கும்" என்றார். "நாளைக்கு மடத்திலை விசாரிக்கப் போறம். பெடியன் வீணாய் ஒண்டும் கதைக்காமல் இருந்தால் நல்லது. நோட்டீசும் அடிக்கக் குடுக்கவேணும். ஐஞ்சாம் நாளுக்கு ஆற்றை பேரைப் போடுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறம்."

அவர் போனதும் அம்மா, "பூ எங்கடை வேலியிலை பிடுங்கினது எண்டு இவன் சொன்னால் என்ன? ஒரு சொல்லுத்தானே" என்றா.

"நீ வாயைப் பொத்து" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. "நீ வந்து இருந்தால் காணும்."

இருபத்து நான்கு வயது எனக்கு. சின்னப் பெடியன் இல்லை. ஆனாலும் அடுத்த நாள் அப்பாவுக்குப் பின்னால் மடத்துக்குப் போனேன்.

மடத்தில் எல்லோரும் வெறும்மேலோடு சால்வை போட்டுக்கொண்டு சுவரோரமாக இருந்தார்கள். சிநேகிதனை அவன் தகப்பன் வர விடவில்லை. பண்டாரம் நடுவில் நின்றார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. அவர் மாலை கட்டியதை மறைக்கவில்லை.

"மாலைக்குப் பூ எங்காலை?" என்று மனேச்சர் கேட்டார்.

"உந்தத் தம்பி கொண்டந்து தந்தவர் ஐயா. மாலை வேணுமெண்டு கேட்டதும் அவர்தான். கோயில் பூவிலை நான் ஒரு இதழ் தொடேல்லை."

மனேச்சர் என் பக்கம் திரும்பினார். "ஓமோ தம்பி?"

அப்பா பக்கத்தில் இருந்து தொண்டையைச் செருமினார். பூவை வாழையிலையில் சுற்றித் தந்தபோது அம்மா கையில் இருந்த ஈரம்வரைக்கும் எனக்கு அந்த நேரம் நினைவில் இருந்தது. காலில் ஒட்டிய குளத்துச் சேறு, பூவைக் கொடுத்தபோது பண்டாரம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது, எல்லாம் நினைவில் இருந்தது.

"எனக்கு வடிவாய் ஞாபகமில்லை" என்றேன்.

பொய் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை, பாருங்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு முழுக் கயவனாகவாவது இருந்திருப்பேன். பண்டாரம் என்னை நிமிர்ந்து பார்த்தார். படத்தில் சாமி பார்த்த மாதிரித் தலைக்கு மேலால் அல்ல, நேராக முகத்தைப் பார்த்தார். பிறகு மனேச்சரைப் பார்த்து, "அப்ப சரி ஐயா" என்றார். மாத முடிவுக்குள் வீட்டை விடச் சொன்னார்கள். கோயில் பூவைக் களவெடுத்ததாகச் சபைப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒருவரும் எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. கசெற்றை அழித்துவிடும்படி எனக்கு உத்தரவு. அடுத்த கிழமை வந்த தைக் கலியாணத்தை அதிலேயே எடுத்தேன். அப்பாவின் பெயர் நோட்டீசில் வந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் கொழுவினார்.

பண்டாரம் போன காலையில் நான் தெற்கு வீதிக்குப் போனேன். தென்மராட்சியில் மனுசியின் தமையன் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கொழுவிய பெட்டியில் இரண்டு றங்குப்பெட்டி, பாய்கள், ஒரு அம்மி, அதற்குமேல் இரண்டு பிள்ளைகள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழி முழுக்க அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் முகம் மாறவில்லை.

"தம்பி, நான் அந்தப் படத்தைப் பாக்கேல்லை" என்றார். "சனம் சிரிச்சதோ?"

"ஓம் அண்ணை. நல்லாய்ச் சிரிச்சவை."

"மனேச்சரும்?"

"அவர்தான் கூடச் சிரிச்சவர்."

மனுசி, "உவரோடை உங்களுக்கு என்ன கதை? ஏறுங்கோ" என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தினா. அவர் இன்னொரு முடிச்சைப் போட்டார். ஒரு நடிகன் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எந்த இடத்திலை கனக்கச் சிரிச்சவை?"

எனக்கு ஏதோ பெரிய ஆறுதல் கிடைத்த மாதிரி இருந்தது. ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினேன். பங்கர் வாசலில் அவர் குனிந்து நின்றது, "ஆற்றை ஆள்" என்று குரல் கேட்டது, அவர் கையை இறக்கியது, மாமன் பெயர் சொல்லும்போது இருமியது, அந்த இருமலுக்கு மூன்றாம் வாங்கில் இருந்தவர் கீழே விழுந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். நான் சொல்லி முடிய, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"உதெல்லாம் தம்பிக்கு வடிவாய் ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு ஏறிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.